முதலில் குழாய், அப்புறம்தான் வீடு

தேர்தல் வந்தால் கதவிடுக்கில் துண்டறிக்கைகள் வந்து விழும். இந்த முறை விழுந்தவற்றில் பலவும் வேட்பாளரின் முகத்தை மாற்றி ஒட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற ரகம். அகலச் சாலை, அழகுப் பூங்கா, உலகத்தரம். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. சுயேச்சையாக நிற்கிற ஒரு பெண்மணியுடையது. நடுப்பக்கம் முழுக்க ஒரு வரைபடம். கட்டப்போகிற எதுவும் அதில் இல்லை. கட்டக் கூடாத இடங்களைத்தான் குறித்திருக்கிறார். தாழ்வான நிலம், பழைய ஓடை போன தடம், என்றைக்காவது கழிவுநீரேற்று நிலையம் வரவேண்டிய ஒரு மூலை.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் "இங்கே கட்டாதீங்க" என்று பேச்சை ஆரம்பிக்கத் தைரியம் வேண்டும். அல்லது அனுபவம் இல்லாமல் இருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்கப் பாதாளச் சாக்கடைக்கு வரைபடம் போட்டவன். ஊர் என்றாலே எனக்கு மண்ணுக்குக் கீழே இருக்கிற ஊர்தான் முதலில் கண்ணில் படும். அதனால் இந்த அறிக்கையை ஸ்கேலும் கையுமாகப் படித்தேன். இவருக்குத்தான் என் ஓட்டு என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் இவரோடு எனக்குச் சண்டை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிக்கையின் முதல் பத்தியே ஒரு கணக்கு. மக்கள்தொகை ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் கூடினால் 20 ஆண்டில் ஊர் இரட்டிப்பாகும். ஏழு சதவீதம் என்றால் பத்தே ஆண்டு. எழுபதை வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம். மூன்றரை என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. இன்று முதல் வகுப்பில் சேருகிற குழந்தை வேலைக்குப் போய் நிலைபெறும்போது இதே ஊரின்மேல் இன்னொரு ஊர் உட்கார்ந்திருக்கும் என்று சொன்னால்தான் உறைக்கும். பதவிக்காலம் நாலைந்து வருஷம். பூமிக்குள் இறக்குகிற ஒரு குழாயின் ஆயுளோ அரை நூற்றாண்டுக்கு மேல். வேட்பாளர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறாரா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

குழாய் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரைப் பெரும்பாலும் யாரும் தள்ளுவதில்லை. சரிவுதான் இழுத்துக்கொண்டு போகிறது. நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் மண்ணும் கசடும் அடியில் தங்காமல் தண்ணீரோடு போகும். நாளைக்கு ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று பெரிய குழாயாகப் போட்டுவைத்து, இன்றைக்கு ஐயாயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அடியில் விரல் கடை அளவுக்குத்தான் நீர் ஓடும். வேகம் வராது. கசடு படியும், அழுகும், ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அந்த வாயு குழாயின் மேற்கூரையில் இருக்கிற ஈரத்தில் சேர்ந்து கந்தக அமிலமாகி காங்கிரீட்டைத் தின்னும். ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே குழாய்க்கு வயசாகிவிடும். சரி, சின்னதாகவே போடுவோம் என்றால், பத்து வருஷத்தில் ஒரு மழை நாளில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும்.

வளருகிற ஊருக்கு இந்த இரண்டு வியாதியும் ஒரே சமயத்தில் உண்டு. ஊரின் கோடியில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் குழாய் காய்ந்து கிடக்கும்; அது வந்து சேருகிற பழைய பிரதானக் குழாய் பிதுங்கிக்கொண்டிருக்கும். காரணம், இடையில் இருக்கிற நிலத்தையெல்லாம் விட்டுவிட்டுத் தவளைப் பாய்ச்சலாக எங்கே மனை மலிவோ அங்கே வீடு முளைப்பது. நடுவில் இருக்கிற காலி நிலத்தைக் கடந்து குழாய், சாலை, மின்கம்பி எல்லாம் போயாக வேண்டும். அந்த நீளத்துக்கான செலவு ஊர்மேல்.

இவர் சொல்வது எளிமையானது. பிரதானக் குழாயில் இடம் இருக்கிற பக்கமாக, ஒட்டி ஒட்டி வளரட்டும். குழாய் போய்ச் சேராத இடத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடையாது. இது ஒன்றும் அவர் கண்டுபிடித்ததில்லை. கோபன்ஹேகனில் 1947லேயே, ரயில் பாதைகளை ஒட்டி விரல்விரலாக ஊர் நீளட்டும், விரல்களுக்கு நடுவில் பசுமை இருக்கட்டும் என்று வரைந்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973ல் சட்டம் போட்டு, அதன்படி போர்ட்லாண்ட் பெருநகரத்தைச் சுற்றி 1979ல் வளர்ச்சி எல்லைக்கோடு ஒன்றை இழுத்தது. கோடு கல்வெட்டு இல்லை. தேவைப்பட்டபோது தள்ளியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் தள்ளவேண்டும் என்றால் ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம்தான் முக்கியம்.

பள்ளி அரங்கில் அவர் நடத்திய கூட்டத்துக்குப் போயிருந்தேன். மைக் கரகரத்தது; வரைபடத்தை இரண்டு பையன்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் எழுந்து, "மெயின் ரோட்டை ஆறு வழியா ஆக்குவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"மாட்டேங்க. ஆக்கினா கொஞ்ச வருஷத்துல ஆறு வழியிலயும் நிப்பீங்க."

பின்வரிசையில் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கோ அந்த இடத்தில்தான் அவர்மேல் மரியாதை வந்தது. சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் நேரத்துப் போக்குவரத்தும் கூடவே வளர்ந்து அதை நிரப்பிவிடும் என்று அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962லேயே எழுதிவைத்தார். 2011ல் டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பெருஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த வீதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே வீதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுவது தெரிந்தது. ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008ல் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் வரை வரும். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது.

அதற்குப் பதிலாக வேட்பாளர் வைத்திருக்கிற யோசனை மதில்சுவரைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரே வாசல், அது மெயின் ரோட்டில். கொல்லைச் சுவரைப் பகிர்ந்துகொள்கிற இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு வந்து, சுற்றி, அடுத்த வாசலில் நுழைய வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விடுவதும் அப்படித்தான், பால் பாக்கெட்டும் அப்படித்தான். சாலை ஏன் நிரம்பாது? இனிமேல் வரைபட அனுமதி கேட்கிற மனைப்பிரிவு எதுவானாலும் அதன் தெருக்கள் பக்கத்து நிலத்தின் எல்லைவரை போய் முடிய வேண்டும், அடுத்தவர் வந்து அதிலிருந்து தொடர வேண்டும் என்கிறார். ஏற்கெனவே உள்ள மதில்களில் நடந்தோ சைக்கிளிலோ போகும் அளவுக்கு வழி திறக்கலாம் என்றும் கேட்டுப் பார்த்தார். அரங்கில் சத்தமே இல்லை. மதில் விஷயத்தில் நம்மாட்கள் எல்லாரும் ஒரே கட்சி.

மழைநீர் பற்றி அறிக்கையில் நல்லதாக ஒரு பக்கம் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எளிமையாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது: இயற்கையாக விட்ட நிலத்தில் பெய்கிற மழையில் சுமார் 10 சதவீதம்தான் மேலே ஓடும்; முக்கால் பங்குக்குமேல் கட்டடமும் தாருமாக மூடிவிட்ட நிலத்தில் 55 சதவீதம் ஓடும். மழை கூடவில்லை, மேலே ஓடுகிற நீர் ஐந்து மடங்குக்கு மேலாகிவிட்டது. ஆகவே வடிகாலை அகலப்படுத்துவதற்கு முன்னால் மூடுகிற பரப்பைக் குறைக்க வேண்டும் என்கிறார். சரி. இதற்குமேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, தாழ்வான நிலத்தைக் குறித்த அவர் வரைபடத்தைப் பார்த்தாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காதது: இரண்டாம் முறைச் செலவு. மனைப்பிரிவு போடுகிறவர் சாலை, குழாய், தெருவிளக்கு எல்லாவற்றையும் தன் செலவில் போட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடுவார். சும்மா கிடைத்த சொத்து என்று ரிப்பன் வெட்டி வாங்கிக்கொள்வார்கள். அன்றிலிருந்து அது நம் பொறுப்பு. தார்ச் சாலை பதினைந்து இருபது வருஷத்தில் மேல்தளத்தைப் புதுப்பிக்கச் சொல்லும். பம்பு மோட்டாருக்கும் ஏறக்குறைய அதே ஆயுள்தான். ஒரே சமயத்தில் போட்டவை ஒரே சமயத்தில்தான் கெடும். நடுவில் என்ன நடக்கும் என்றால், புதிய மனைப்பிரிவுகளின் அனுமதிக் கட்டணமும் மேம்பாட்டுக் கட்டணமும் வந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துப் பழைய சாலையின் குழிகளை அடைப்பார்கள். கஜானா நிறைந்திருப்பதுபோலவே தெரியும். மனை போட நிலம் தீர்ந்து, கட்டணம் வருவது நிற்கிற வருஷம் ஒன்று வரும். அதே காலத்தில்தான் முதல் சுற்றில் போட்டவை எல்லாம் வரிசையாக வந்து கையை நீட்டும். அப்போது பதவியில் இருப்பவரை ஊரே திட்டும்; காரியத்தைச் செய்தவர் எப்போதோ சிலையாகியிருப்பார்.

இவர் கேட்பது இரண்டு. ஊருக்குச் சொந்தமான குழாய், சாலை, பம்பு ஒவ்வொன்றுக்கும் போட்ட ஆண்டும் மாற்றவேண்டிய ஆண்டும் எழுதிய பதிவேடு. ஒரு முறை மட்டும் வருகிற கட்டணத்தை அன்றாடச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் வைப்பது. பரபரப்பாக ஒன்றுமில்லை. கைதட்டல் வராத வேலை. அந்தப் பதிவேடு இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தெருவைத் தோண்டிப் பார்த்தால்தான் கீழே மண்குழாயா இரும்பா என்றே தெரியும்.

பள்ளிக்கூடம் பற்றி அவர் எழுதியது பாதிதான். புதுப் புறநகரில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே வயதில் குடிவருகிறார்கள்: கல்யாணமாகிச் சில வருஷமான ஜோடிகள். ஐந்தாறு வருஷத்தில் தொடக்கப்பள்ளியில் இடமில்லை என்று ஒரே கூச்சல். அவசர அவசரமாக வகுப்பறை கட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போனதும் பெஞ்சுகள் காலி. வீடுகளில் பெற்றோர் மட்டும், முழங்கால் வலியோடு. இரண்டு மாடி வீட்டைக் கட்டிவைத்துவிட்டுக் கீழ் அறையிலேயே படுத்திருக்கிறவர்களை என் தெருவிலேயே எண்ணலாம். ஆகவே வகுப்பறையை நாளைக்கு மருத்துவ நிலையமாகவோ முதியோர் பகல்நேர மையமாகவோ மாற்றுகிற மாதிரி இப்போதே கட்டவேண்டும்: தரைத்தளம், அகலக் கதவு, சாய்தளம். அவர் அறிக்கையில் வகுப்பறை இருக்கிறது, அதன் இருபதாவது வருஷம் இல்லை.

இனி என் சண்டை. ஊர் முழுக்க மூன்று மாடிக்குமேல் கூடாது என்கிறார். இங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு இது தேன். வெயில் மறைக்காது, பார்க்கிங் சண்டை வராது. ஆனால் இவ்வளவு தூரம் குழாய்க் கணக்கு சொன்னவர் இதில் கணக்கை விட்டுவிட்டார். ஒரு கிலோமீட்டர் குழாயில் நூறு வீடு இணைந்தாலும் நானூறு வீடு இணைந்தாலும் தோண்டுகிற பள்ளத்தின் நீளம் ஒன்றுதான். வீடு கூடினால் ஒரு வீட்டின்மேல் விழுகிற செலவு இறங்கும், காய்ந்து கிடக்கிற குழாயில் வேகமும் வரும். மேலே போக விடாவிட்டால் ஊர் பக்கவாட்டில்தான் போகும், அவரே கோடு போட்ட தாழ்வு நிலத்தை நோக்கி. பிரேசிலின் குரிச்சிபாவில் 1970களிலேயே பேருந்துக்கெனத் தனித்தடம் போட்ட சாலைகளை ஒட்டி உயரமாகக் கட்டவிட்டு, உள்ளே போகப் போகத் தணித்தார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016ல் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதிக்கு அடர்த்தி வரம்பைத் தளர்த்தியது. அதன்பின் வீடு கட்டும் அனுமதிகள் நன்றாகவே ஏறின. எல்லா இடத்திலும் ஒரே உயரம் என்பது திட்டமாகாது, சமாதானம்.

இதைக் கூட்டம் முடிந்ததும் அவரிடமே சொன்னேன். "ஐயா, மூணு மாடின்னு போடலைன்னா இந்த அரங்கத்துல ஒரு ஓட்டு கூட விழாது" என்றார். உண்மைதான், மறுக்க முடியவில்லை. நாளைக்கு இங்கே வரப்போகிறவர்களுக்கு இன்று ஓட்டு இல்லை. வார்டு பணத்தில் ஒரு பங்கை மக்களே கூடி ஒதுக்கலாம் என்றும் அவர் அறிக்கையில் இருக்கிறது; பிரேசிலின் போர்டோ அலெக்ரியில் 1989ல் தொடங்கிய முறை. நல்ல முறைதான். ஆனால் மாலைக் கூட்டத்துக்கு வந்து உட்கார என்னைப்போல ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் நேரம் இருக்கும். வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள் அந்நேரம் மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று கேட்டேன். வீடு வீடாகச் சீட்டு கொடுத்துக் கேட்கலாமா என்று அவரே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் உயரம் பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது. பிரதானக் குழாயில் கொள்ளளவு மிச்சம் இருக்கிற தெருக்களில் மட்டும் ஐந்து மாடிவரை தளர்த்துவது பற்றி யோசிக்கிறாராம். எந்தெந்தத் தெரு என்று என்னையே குறித்துத் தரச் சொல்கிறார். உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். வடக்குப் பக்கத்து மேன்ஹோல்களின் அடிமட்ட அளவுகள் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் லெவல் எடுத்த புத்தகம் உங்களில் யாரிடமாவது பரணில் கிடந்தால், தேர்தலுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.