41 ஃபிரேம்

நீளம் கருதி அந்த ஷாட்டை வெட்டியெடுக்க வேண்டியதாகிவிட்டது என்றுதான், படத்தொகுப்பாளனான நான் அந்த நடிகையிடம் சொன்னேன்.

டப்பிங்கின்போது கேட்டார். "சார், கதவருகே நான் திரும்பிப் பார்ப்பேனே, அது எங்கே போயிற்று?" குரலில் மனத்தாங்கல் ஏதுமில்லை. வைத்த பொருளை வைத்த இடத்தில் காணாதவர் கேட்பதைப் போலக் கேட்டார். நான் பதிலைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு மைக்கின் முன் போய் நின்றுகொண்டார். படம் வந்து போய் நாளாகிவிட்டது. அந்தத் தலையாட்டல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த ஷாட் 41 ஃபிரேம். நொடிக்கு 24 என்று வைத்தால் முழுதாக இரண்டு நொடிகூட ஆகாது. இரண்டேகால் மணி நேரப் படத்தில் இரண்டு நொடியை நீளம் கருதி எடுத்தேனாம். காலமெல்லாம் கேமரா முன் நின்றவரிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பியிருக்கவே மாட்டார்.

மூன்று ஜோடிகளின் கதை அது. ஒரு ஜோடி சேர்கிறது. ஒன்று சேர்ந்து பிரிகிறது. இன்னொன்று பிரிந்துபோனதைத் தானே உணராமல் ஒரே வீட்டில் வாழ்கிறது. இவர் நடித்தது நடுக்கதையில். அவள் சாவியை மேசையில் வைக்கிறாள். அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். எழுதியிருந்தது இவ்வளவுதான். ஆறு டேக்கில் நான்காவதில் மட்டும், யாரும் சொல்லாமலேயே, கதவில் கை வைத்தபடி திரும்பினார்.

இயக்குநருக்கு அது பிடித்திருந்தது. நான்தான் விடவில்லை. "திரும்பிப் பார்த்துவிட்டால் அவள் வருவாள் என்று பார்க்கிறவர்கள் காத்திருப்பார்கள். கடைசி வரை காத்திருப்பார்கள். அவள் வரப்போவதில்லையே" என்றேன். அவர் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். "சரி, உங்களுக்குத் தோன்றுகிறபடி செய்யுங்கள்" என்றார்.

இப்போதும் அது நல்ல காரணமாகத்தான் படுகிறது. ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு வெட்டை எடைபோட ஆறு அளவுகோல்களைச் சொல்லி, உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு கொடுத்தார். கதைக்கு 23, தாளத்துக்கு 10. அந்தக் கணக்கின்படி பார்த்தாலும் என் வெட்டு தேறும். கதவு மூடிய பிறகு மூன்று நொடி அவனுடைய கையை மட்டும் விட்டு வைத்தேன். தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குப் பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துவிட்டது கேட்டது.

அப்படியானால் இந்தக் காரணத்தையே ஏன் அவரிடம் சொல்லவில்லை?

வெட்டியதற்கெல்லாம் நடிகர்களிடம் விளக்கம் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ஸ்டுடியோவில் அவசரமும் இருந்தது. ஆனால் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதிலைக் கேட்க நான் தயாராக இல்லை. விட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற ஒரு தீர்மானம் அந்தப் படத்துக்கு வெகு முன்பே எனக்குள் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. பார்வையாளர்கள் காத்திருப்பார்கள் என்று நான் சொன்னது அவர்களைப் பற்றித்தானா என்பதிலேயே இப்போது எனக்குச் சந்தேகம்.

போன வாரம் உதவியாளர், வெட்டாத மூலக் காட்சிகள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் காலி செய்துகொண்டிருந்தார். "அண்ணா, இந்தப் படத்தின் ரஷ்ஷை அழித்துவிடலாமா?" என்றார். நான்காவது டேக்கை மட்டும் போடச் சொன்னேன்.

ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். முதல் பத்தில் தோள் திரும்புகிறது. பிறகு முகம். கண்கள் கடைசியில்தான் வருகின்றன. அவன் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடப்பக்கம். கண்கள் போனது வலப்பக்கம், சற்றுக் கீழே. மேசையில் சாவி கிடந்த இடம் அது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

ஒரே முகத்தை எடுத்து, ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார் சோவியத் இயக்குநர் குலெஷோவ். ஒட்டியதைப் பொறுத்து முகத்தின் பொருள் மாறியது. உதவியாளர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. என் டைம்லைனில் அவளுடைய பார்வைக்கு அடுத்து அவன் முகத்தை வைத்தவன் நான். வைத்துவிட்டு, அவள் அவனைத்தான் பார்க்கிறாள் என்று நானே நம்பி, அந்த நம்பிக்கையை வைத்து இயக்குநரிடம் வாதாடி, அவளுடைய பார்வையை எடுத்துவிட்டேன். சாவியின் குளோஸ் அப் ஒன்றும் அதே டிஸ்க்கில் இருக்கிறது. அதை அடுத்து வைத்திருந்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டை, அதன் கதவைத் திறக்கும் உரிமையை, ஒருத்தி விட்டுப் போகிறாள் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

வைத்தும் பார்த்தேன். சாவிக்குப் பிறகு கதவு, கதவுக்குப் பிறகு அவன் கை. கையில் இருந்த கனம் குறைந்துவிட்டது. மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இன்று வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன் என்றே தோன்றியது. அவர் மறுபடியும் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று மட்டும் தெரியவில்லை.

மற்றதையெல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் தனியே சேமிக்கச் சொன்னேன். என்ன பெயர் கொடுக்கட்டும் என்று கேட்டார் உதவியாளர். காட்சி எண்ணும் டேக் எண்ணும் போதும் என்றேன்.