தண்ணீர் பட்டால் எரியும் திடப்பொருட்கள்: இந்தப் பாடத்தை எப்படிப் படிக்கலாம்

தொழிற்பாதுகாப்பு, தீயணைப்பு சார்ந்த தேர்வு எழுதுகிற பலர் இந்தப் பாடத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல் போட வேண்டும்." வரி சரிதான், ஆனால் அதற்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ மதிப்பெண். கேள்வி வருவது வேறு மாதிரி. சோடியத் துணுக்கு தோலில் ஒட்டியவருக்கு என்ன முதலுதவி? எரிகிற டிரம்முக்குப் பக்கத்தில் இன்னொரு கொள்கலன் சூடேறினால்? கொட்டிய இடத்தில் மழை பிடித்துக்கொண்டால்? மூன்றிலும் தண்ணீர் இருக்கிறது, மூன்றுக்கும் பதில் வேறு வேறு. தண்ணீர் எங்கே கூடவே கூடாது, எங்கே கட்டாயம் வேண்டும் என்று பிரித்துப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது.

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன், வெளிவரும் வாயுவிலிருந்து தொடங்குங்கள். என் நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விஷயம் மட்டும் எழுதினேன்: தண்ணீர் பட்டால் என்ன வாயு, எவ்வளவு வேகம், மிச்சம் என்ன. சோடியம், பொட்டாசியம், லித்தியம் மூன்றுக்கும் ஹைட்ரஜன், மிச்சம் வலுவான காரம். கால்சியம் கார்பைடுக்கு அசிட்டிலீன், மிச்சம் சுண்ணாம்பு. அலுமினியம் பாஸ்பைடுக்கு பாஸ்பீன். அது எரிவது மட்டுமில்லை, கொடிய நஞ்சும்கூட.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 23 கிராம் சோடியம் முழுவதும் தண்ணீரோடு வினைபுரிந்தால், அறை வெப்பநிலையில் சுமார் 12 லிட்டர் ஹைட்ரஜன் வரும். அப்படியானால் 1 கிலோவுக்கு 500 லிட்டருக்கும் மேல். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும், 75 சதவீதம் வரைக்கும் பற்றும். தீ வைக்க வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை, வினையில் பிறக்கிற வெப்பமே போதும். சோடியம் 98 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், தண்ணீர் பட்ட துண்டு உருகி உருண்டையாகி ஓடும், தெறிக்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு "ஏன் தண்ணீர் கூடாது" என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவைப்படாது.

வேகத்துக்கும் அளவுகோல் உண்டு. ஐ.நா. போக்குவரத்து விதிகளில் இவை 4.3 வகுப்பு. 1 கிலோ பொருள் நிமிடத்துக்கு 10 லிட்டர் அல்லது அதற்கு மேல் வாயு விட்டால், அல்லது வரும் வாயு தானே பற்றிக்கொள்ளும்படி இருந்தால், முதல் பேக்கிங் குழு (ஆபத்து மிக அதிகமானவற்றுக்கான பிரிவு). மணிக்கு 20 லிட்டர் என்றால் இரண்டாவது, மணிக்கு 1 லிட்டர் அளவு என்றால் மூன்றாவது. நிமிடம், மணி இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

அடையாளம் காண்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நீல வைரக் கட்டத்துக்குள் தீச்சுடர், கீழே 4 என்றால் இந்த வகுப்பு. வாகனத்தின் ஆரஞ்சுப் பலகையில் ஆபத்து எண்ணுக்கு முன்னால் 'எக்ஸ்' எழுத்து இருந்தால், தண்ணீரோடு ஆபத்தான வினை என்று பொருள். சேமிப்புக் கிடங்குகளில் ஒட்டியிருக்கும் நான்கு நிற வைர ஆபத்துக் குறியின் வெள்ளைக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட 'டபிள்யூ' இருக்கும். ஒரு நுட்பம் மட்டும் கவனியுங்கள்: மக்னீசியம் சீவலாகவோ சுருளாகவோ வந்தால் ஐ.நா. எண் (ஒவ்வொரு ஆபத்துப் பொருளுக்கும் உள்ள நான்கு இலக்க எண்) 1869, வகுப்பு 4.1, அதாவது எரியும் திடப்பொருள். அதுவே தூளாக வந்தால் 1418, வகுப்பு 4.3. உலோகம் ஒன்றுதான், துகள் சிறுத்தால் தண்ணீரோடு வினைபுரியும் பரப்பு கூடிவிடுகிறது.

ஆபத்துப் பொருள் விபத்துகளுக்கான கையேடான எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் கைட்புக்கைப் படித்தால் மட்டும் போதாது, கையில் வைத்துப் புரட்டிப் பழக வேண்டும். மஞ்சள் பக்கத்தில் 1428 என்ற எண்ணைத் தேடுங்கள். சோடியம், வழிகாட்டி 138 என்று வரும். அங்கிருந்து அந்த வழிகாட்டி இருக்கும் ஆரஞ்சுப் பக்கத்துக்குப் போங்கள். அடுத்து 1397 தேடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு, வழிகாட்டி 139. அந்த வரி பச்சை நிறத்தில் இருக்கும், அதாவது தண்ணீரில் கொட்டினால் நச்சு வாயு வரும் என்பதால் பச்சைப் பக்கத்தின் தூரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 138க்கும் 139க்கும் உள்ள வேறுபாடு இந்த நஞ்சுதான். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே நாளில் தெளிவாகிவிடும்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். "சோடியம் ஏற்றிய லாரி கவிழ்ந்து சில டிரம்கள் உடைந்துள்ளன. ஒன்று எரிகிறது, மழை வரும் போலிருக்கிறது. உங்கள் நடவடிக்கைகளை வரிசையாக எழுதுக." இதில் வரிசைக்குத்தான் மதிப்பெண். காற்று வரும் பக்கமிருந்து அணுகுவது, ஆட்களை விலக்கி எல்லை போடுவது, பொருளை உறுதிசெய்வது, சுற்றிலும் தீப்பொறி வரக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்துவது ஆகிய நான்கும் முதலில் வர வேண்டும். எரிவது டாங்கர் அளவிலான கொள்கலன் என்றால் எல்லாத் திசையிலும் 800 மீட்டருக்கு ஆட்களை அகற்ற வேண்டும். சோடியப் புகை வெறும் புகையில்லை, கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் காரத் துகள். அதனால் மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

எரியாமல் கொட்டிக் கிடப்பதைக் காய்ந்த மண்ணோ மணலோ போட்டு மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட வேண்டும். விரிப்பு மழைக்காக. மேட்டுப் பக்கத்தில் சின்ன வரப்பு எழுப்பி ஓடிவரும் மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுவதையும், சாக்கடை வாய்களை அடைப்பதையும் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும். சாக்கடைக்குள் ஈரத்தில் விழுகிற சோடியம், மூடிய குழாய்க்குள் ஹைட்ரஜனை நிரப்பிவிடும்.

எரிகிற டிரம்முக்குத் தண்ணீரும் நுரையும் கூடாது. நுரையும் பெரும்பகுதி தண்ணீர்தான். கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம், எரிகிற உலோகம், எடுத்துக்காட்டாக மக்னீசியம், அதிலிருந்தே ஆக்சிஜனை உருவிக்கொண்டு எரியும், கரி மிஞ்சும். உலோகத் தீக்கான 'டி' வகைத் தூள், சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்), உப்புத் தூள், கிராஃபைட் இவையே சரியான பதில்கள். மணல் என்றால் மூடிவைத்த பெட்டியில் இருக்கும் காய்ந்த மணல். திறந்த வாளி மணலின் மேற்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். நன்றாகப் பிடித்துவிட்ட மக்னீசியத் தீ மணலோடும் வினைபுரியும், அதனால் அதற்கு உப்புத் தூளையே நான் முதலில் எழுதுவேன்.

செய்முறைத் தேர்வில் தூளைப் போடும் விதத்தைப் பார்ப்பார்கள். வேகமாக அடித்தால் எரிகிற உலோகம் சிதறும். நீண்ட குழாயை நீட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக, போர்வை போர்த்துவதுபோல் தூளை இறக்க வேண்டும். சுடர் மறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. எங்கே தூள் சிவந்து வருகிறதோ அங்கே இன்னும் போட வேண்டும். மேலோடு இறுகிய பிறகு கம்பியால் கிளறவே கூடாது. உள்ளே உருகிய உலோகம் இருக்கும், காற்றுப் பட்டால் மறுபடி பிடிக்கும்.

தூள் போதவில்லை என்றால்? விலகி நின்று, எரிந்து தீரவிடுவதுதான் விடை. பலர் இதை எழுதத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், வழிகாட்டி 138 பெரிய தீக்குச் சொல்கிற வழிகளில் அதுவும் ஒன்று. ஆட்களைப் பாதுகாத்து நிற்பதும் நடவடிக்கைதான்.

இனி தண்ணீர் தேவைப்படும் இடங்கள். தீயில் சூடேறும் பெரிய கொள்கலனைத் தூரத்திலிருந்து ஏராளமான தண்ணீரால் குளிர்விக்கலாம், ஆனால் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது, கொட்டிய பொருளை நோக்கி வழியவும் கூடாது. பரவும் வாயுவைத் திசைதிருப்ப நீர்த்தூவலும் அப்படித்தான். தோலில் ஒட்டியவருக்கு முதலில் காய்ந்த துணியாலோ இடுக்கியாலோ துணுக்குகளை அகற்றிவிட்டு, அதன்பின் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வரிசை மாறினால் தோல்மேலேயே வினை நடக்கும். தண்ணீருக்குப் பயந்து கழுவாமல் விட்டாலோ மிஞ்சிய காரம் தசையைத் தின்னும்.

வாய்மொழித் தேர்வில் லித்தியம் அயன் பேட்டரியைக் கேட்டுக் குழப்புவார்கள். அது 9ஆம் வகுப்பு (பிற ஆபத்துப் பொருட்கள்), அதைக் குளிர்விக்கத் தண்ணீர் பயன்படுத்தலாம். லித்தியம் உலோகம் 4.3, அதற்குக் கிராஃபைட் தூள், உப்புத் தூள் அல்லது தாமிரத் தூள்.

தீ அணைந்த பிறகான கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். ஆறிய கட்டிக்குள் வினைபுரியாத உலோகம் ஒளிந்திருக்கும். அதைக் கழுவித் தள்ளக் கூடாது. காய்ந்த கருவிகளால் எடுத்து, காய்ந்த கொள்கலனில் போட்டு, அடையாளச் சீட்டு ஒட்டி, இத்துறை வல்லுநரின் மேற்பார்வையில்தான் அகற்ற வேண்டும்.