டோக்கியோவில் பகலில் சுமோ, இரவில் பேஸ்பால்

செப்டம்பரில் டோக்கியோ போகிறவர்கள் ரியோகோகு கொகுகிகான் அரங்குக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். அங்கே 15 நாள் சுமோ, அதாவது ஜப்பானிய மல்யுத்தப் போட்டி. டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில்தான் நடக்கும்.

நான் காலையிலேயே போய்விட்டேன். அப்போது இளநிலை வீரர்கள்தான் மோதுவார்கள், இருக்கைகளும் பெரும்பாலும் காலி. எனக்கு அந்த நேரம்தான் ரொம்பப் பிடித்தது. களிமண் மேடையில் 4.55 மீட்டர் விட்டத்தில் வைக்கோல் வட்டம். அதற்கு மேலே ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் கோயில் போன்ற கூரை. தூணே இல்லாமல் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. நான்கு மூலைகளிலும் பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்புக் குஞ்சங்கள், நான்கு பருவங்களுக்காக.

மதியத்துக்கு மேல் பெரிய வீரர்கள் வந்ததும் உப்பு வீசுகிறார்கள், மேடையைத் தூய்மைப்படுத்த. ஒருவர் கை நிறைய அள்ளி உயரே வீசினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்புறம் குனிகிறார்கள், முறைக்கிறார்கள், எழுந்து மறுபடி உப்பெடுக்கப் போகிறார்கள். இப்படியே சில நிமிடங்கள். மோதலோ சில நொடிகளில் முடிந்துவிடுகிறது! உடம்போடு உடம்பு மோதும் சத்தம் மாடி இருக்கை வரை கேட்டது. ஜெயித்தவர் துள்ளுவதில்லை, தோற்றவர் தலைவணங்காமல் இறங்குவதில்லை. எந்த விளையாட்டிலும் இவ்வளவு கண்ணியத்தை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் சோபு ரயிலில் நேராக ஜிங்கு பேஸ்பால் மைதானம். 1926-இல் திறந்தது. யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி ரன் எடுத்தால் போதும், ரசிகர்கள் குட்டிக் குடைகளை விரித்து ஆட்டியபடி பாடுகிறார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி தன் குடையை என்னிடம் கொடுத்து ஆடச் சொன்னார். ஆடினேன்!

சுமோ டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.