சிவப்பு நல்லது

எக்கோ ஸ்கான் திரையில் அப்பாவின் இதயம். சாம்பல் நிறம், மணல் தூவினமாதிரிப் புள்ளிகள்.

“இந்தப் புள்ளியளைத்தான் கணினி துரத்திக்கொண்டு போகும்” என்றார் டொக்டர்.

ஒவ்வொரு துடிப்பிலும் அவை நகரும் தூரத்தைக் கணக்கிட்டு, இடது கீழறைச் சுவரை 17 துண்டாக்கி நிறம் பூசுகிறது. நல்ல சுவர் நீளவாக்கில் ஏறக்குறைய 20 சதவீதம் சுருங்குமாம். அப்பாவுக்கு 16. மூன்று துண்டுகள் வெளிறிய ரோசா.

இரத்தம் வெளித்தள்ளும் அளவோ 58 சதவீதம், அதில் குறையில்லை. போன வருடம் வேறோரிடத்தில் அதை மட்டும் பார்த்துத்தான் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பினார்கள். மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் மூலையில் களைத்தவனை யார் பார்க்கிறார்கள்?

கொழும்பு காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கையில் அப்பா கேட்டார், “மிச்சமெல்லாம் ஒரே சிவப்பாக் கிடக்கு, கூடாதோ?”

“சிவப்புத்தான் நல்லதப்பா.”

வெள்ளவத்தை வரும்வரை அவர் நம்பவேயில்லை.