எழுத்துகளைத் தைத்த ஆறு வாரம்

நான் தைக்கும் சாம்ப்ளரில், அதாவது எழுத்தும் உருவமும் தைத்துப் பழகும் மாதிரித் துணியில், எழுத்து வரிசை ஒருவழியாக முடிந்தது. ஏ முதல் இசட் வரை 24 எழுத்து. பழைய ஆங்கில சாம்ப்ளர்கள் பலவற்றில் ஜே, யூ இரண்டும் இருக்காது. ஜே வரவேண்டிய இடத்தில் ஐ, யூ வரவேண்டிய இடத்தில் வி. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிக்குப் போன சிறுமிகள் லினன் துணியில் எழுத்து, எண், ஒரு பக்திப் பாட்டு, வீடு, மரம், கடைசியில் தன் பெயர், வயது, ஆண்டு என்று தைத்தார்கள். பெற்றோர் அதைச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்டினார்கள். எங்கள் மகள் படித்தவள், பொறுமைசாலி, கைவேலை தெரிந்தவள் என்று சுவரே சொல்லிவிடும். பையன்களுக்கு வேறு வழி இருந்தது. ஓரத்தில் படம் அச்சிட்ட பெரிய தாளில் அழகான கையெழுத்தில் எழுதி, கிறிஸ்துமஸுக்குப் பெற்றோரிடம் காட்டுவார்கள்.

அதற்கு முந்தைய சாம்ப்ளர்கள் சுவருக்காகத் தைத்தவை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் அது நீளமான துண்டு. சுருட்டி வைத்துக்கொண்டு, மாதிரி வேண்டும்போது விரித்துப் பார்ப்பார்கள். ஆண்டு குறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது 1598இல் ஜேன் போஸ்டாக் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, என் துணிக்கு வருகிறேன். அங்குலத்துக்கு 32 இழை. இரண்டு இழைக்கு ஒரு குறுக்குத் தையல் (X வடிவத் தையல்) என்றால் அங்குலத்துக்கு 16. ஒரு எழுத்தின் உயரம் ஏழு தையல், அரை அங்குலம்கூட இல்லை. முதல் வாரம் இழை எண்ணுவதிலேயே கண் பூத்துப்போனது. மூன்றாம் வாரம் கை பழகியது.

நான்காம் வாரம்தான் அந்தத் தவறு நடந்தது. எஸ் எழுத்தை இடம்வலம் மாற்றித் தைத்திருக்கிறேன். அடுத்த மூன்று எழுத்தும் முடிந்த பிறகே கண்ணில் பட்டது. பிரிக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பிரிக்கும்போதுதான் உறைத்தது: இத்தனை நாளும் நான் எஸ் என்று படித்துத் தைக்கவே இல்லை. மூன்று வலது, ஒன்று மேலே என்று மாதிரிப் படத்தின் கட்டத்தை எண்ணியிருக்கிறேன், அவ்வளவுதான். எழுத்தே தெரியாத ஒருத்தியும் இதைப் பிழையின்றித் தைத்துவிட முடியும். சுவரில் மாட்டிய அந்தத் துணிகளை அன்றிலிருந்து வேறு மாதிரி பார்க்கிறேன். அவை படிப்பைக் காட்டினவா, படிப்பின் உருவத்தையா? பல ஏழைச் சிறுமிகளுக்கு வாசிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள், பேனா பிடித்து எழுதக் கற்றுத்தரவில்லை.

அவர்களுக்கு இந்த எழுத்து வரிசை பிழைப்புக்கான பயிற்சி. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றிலும் முதலெழுத்தும் எண்ணும் தைத்துக் குறிக்க வேண்டும், சலவையில் கலந்துவிடக் கூடாதே. பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அனாதை இல்லத்துப் பெண்கள் தைத்த சாம்ப்ளர்களைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் சிவப்பு நூல் மட்டும், பொடிப்பொடி எழுத்து, வரிசை வரிசையாக. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுதான் சான்றிதழ்.

எலிசபெத் பார்க்கர் என்ற சசெக்ஸ் பணிப்பெண் சுமார் 1830இல் தைத்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு எழுத வராது, அதனால் இப்படிப் பதிகிறேன் என்று தொடங்கி, தன் துயரம் முழுவதையும் சிவப்புப் பட்டு நூலில் தைத்திருக்கிறாள். பூ இல்லை, வீடு இல்லை. என் ஆன்மாவுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியோடு பாதி வரியில் நின்றுவிடுகிறது. கூடத்தில் மாட்டத் தைத்தது அல்ல அது. இதுவரை பார்த்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். அங்கே ஒவ்வொரு எழுத்தும் அவள் நினைத்துத் தைத்தது.

அதைப் பார்த்த பிறகு நானும் தைக்கும்போது எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். வேகம் குறைந்துவிட்டது, ஆனால் அப்புறம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இனி ஓரத்துக் கொடியும் பெயரும் பாக்கி. வயதை எண்ணில் தைப்பதாக இருக்கிறேன். அந்தச் சிறுமிகளில் சிலர் வளர்ந்து பெரியவர்களான பிறகு, வயது தெரியக் கூடாது என்று ஆண்டின் இலக்கங்களை மட்டும் பிரித்து எடுத்திருக்கிறார்கள். துணியில் அந்த ஊசித் துளைகள் இன்னும் இருக்கின்றன.