முழு ரை பிரெட்: கத்தியில் ஒட்டாமல் வந்தது

நூறு சதவீத ரை, கோதுமைக்கு உறவான தானியம். கோதுமை ஒரு கைப்பிடிகூடக் கலக்கவில்லை, கடை ஈஸ்ட்டும் இல்லை. ஒரு நாள் ஆறவிட்டு அறுத்தபோது கத்தி சுத்தமாக வெளியே வந்தது. அடிப்பக்கம் வழக்கமாகப் படியும் அந்தப் பசைக்கோட்டைக் காணோம். மாவு, டின், ஓவன் எல்லாம் பழையவைதான். மாறியது ஒன்றே ஒன்று: புளிமாவை உப்பலையும் மணத்தையும் பார்த்து எடுக்காமல், பிஎச் மீட்டர் (புளிப்பை அளக்கும் கருவி, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.7 காட்டும் வரை விட்டது.

அளவுகளை முதலில் சொல்லிவிடலாம். 1.5 லிட்டர் டின்னுக்கு மொத்த மாவு 550 கிராம், தண்ணீர் 460, உப்பு 11. இதில் 220 கிராம் மாவும் 220 கிராம் தண்ணீரும் புளிமாவுக்குப் போகின்றன, அதாவது மாவில் 40 சதவீதம் முன்கூட்டியே புளிக்கிறது. தொடக்கத்துக்கு ஸ்டார்ட்டர் (முந்தைய புளிமாவில் எடுத்து வைத்தது), அறை 24 டிகிரியில் இருந்தால் 20 கிராம், 27-28 என்றால் 10 கிராம் போதும். புளித்து முடிந்ததும் போட்ட அளவு ஸ்டார்ட்டரை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் 330 கிராம் மாவு, 240 தண்ணீர், உப்பு.

பசைக்கோடு ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் இந்தப் பிஎச் பைத்தியம் புரியும். ரையின் ஸ்டார்ச் 55 டிகிரி சுற்றிலேயே கஞ்சியாகத் தொடங்கிவிடும். ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக வெட்டும் அமைலேஸ் நொதி 75 டிகிரி தாண்டும் வரை உயிரோடு இருக்கும். இடைப்பட்ட நேரம் முழுக்க, பிரெட்டைத் தாங்க வேண்டிய ஸ்டார்ச்சை அது தின்றுகொண்டே இருக்கிறது. கோதுமையில் ஸ்டார்ச் கொஞ்சம் தாமதமாகக் கஞ்சியாகும், அதுபோகத் தாங்க குளூட்டன் என்ற புரத வலை உண்டு. ரையில் அந்த வலை உருவாவதில்லை. தண்ணீரைப் பிடித்து வைப்பது பென்டோசான் என்ற நார்ச்சத்து, உருவத்தைத் தாங்குவது ஸ்டார்ச், அவ்வளவுதான். அமிலம் ஏறினால் அமைலேஸ் முடங்கும். ஓவனை எவ்வளவு சூடாக்கினாலும் ஒரு கிலோ டின் பிரெட்டின் நடுப்பகுதி 55-லிருந்து 75-ஐக் கடக்க நேரம் எடுக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் காவலுக்கு இருப்பது புளிப்பு மட்டுமே. இன்னும் பத்து நிமிடம் வேகவிட்டுப் பார்ப்பது, தண்ணீரைக் குறைத்துப் பார்ப்பது இரண்டும் மேலோட்டைத் தடிப்பாக்கும், பிரெட்டை இறுக்கும். பசை அப்படியே இருக்கும்.

மீட்டருக்கு வருவோம். பிஎச் காகிதத்தை இதற்கு நம்ப முடியாது. ரை மாவின் பழுப்பு காகிதத்தில் ஏறிவிடும், 4.2-க்கும் 3.7-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பேனா வடிவ மீட்டர் போதும், ஆனால் இரண்டு தசம இலக்கம் காட்ட வேண்டும், 4.01, 7.00 பஃபர் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) இரண்டிலும் சரிபார்க்கும் வசதி வேண்டும். கெட்டி மாவுக்குள் நேராகக் குத்தினால் கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொள்ளும். கூர்முனை வைத்த மீட்டர்கள் அதற்கென்றே இருக்கின்றன, விலைதான் கொள்ளை. வேறு வழி, 10 கிராம் புளிமாவை 90 மில்லி காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கரைத்து, ஐந்து நிமிடம் விட்டு அளப்பது. அளந்ததும் மாவு காயும் முன் கழுவிவிட வேண்டும். குமிழைத் துணியால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு எப்போதும் இருக்க வேண்டும். வெறும் வடிநீரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் உப்பு வெளியேறி, மீட்டர் எதைத் தொட்டாலும் ஊசலாடும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பவர்களை என்ன சொல்ல!

எண்கள் சொன்னது இதுதான். புளிமாவு உச்சத்துக்கு உப்பி, மேலே குவிந்து நிற்கும்போது பிஎச் 4.1 சுற்றில்தான் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் எடுத்துவிடுகிறோம். குவிந்தது தட்டையாகி, நடுவில் லேசாகக் குழி விழுந்து, மேலும் இரண்டு மூன்று மணி நேரம் போன பிறகே 3.7-க்கு வருகிறது. கலந்து முடித்த மாவில் அளந்தால் 4.4. புளிமாவை 3.7-ஐத் தாண்டியும் விட்டால் அதிலேயே வளரும் ஈஸ்ட் களைத்துப்போய் டின்னில் உப்பல் மந்தமாகும். அங்கே மாவில் அரை சதவீதம் பச்சை ஈஸ்ட் சேர்ப்பது குற்றமில்லை, ஜெர்மன் பேக்கரிகளிலேயே அது உண்டு. கடை ஈஸ்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு, ஜெர்மனியின் டெட்மோல்டு ஊர்ப் பெயரில் மூன்று கட்டப் புளிமாவு முறை இருக்கிறது: முதல் கட்டம் தளர்வாக, ஈஸ்ட் பெருக, இரண்டாவது கெட்டியாக, குளிர்ச்சியில் இரவு முழுக்க, அசிட்டிக் (வினிகர்) புளிப்புக்கு, மூன்றாவது 30 டிகிரியில் மூன்று மணி நேரம், லாக்டிக் (தயிர்) புளிப்புக்கு. மூன்று பாத்திரம் கழுவத் தெம்பிருந்தால் செய்யலாம்.

கலப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கலந்த மாவு 30 டிகிரியில் நிற்க வேண்டும். மற்றவை 24-25-ல் இருந்தால் தண்ணீர் 40 டிகிரி. மரக்கரண்டியால் ஐந்து நிமிடம், ஈரக் களிமண் பதம். பிசைய வேண்டாம், பிசைந்தாலும் எதுவும் உருவாகப் போவதில்லை. அரை மணி நேரம் விட்டு, எண்ணெய் தடவிய டின்னில் நனைத்த கையால் அழுத்தி மட்டம் செய்து, மேலே ரை மாவைத் தூவினால் முடிந்தது. அழுத்தும்போது மூலைகளில் காற்று தங்கினால் அது ஓட்டையாகவே வேகும்.

விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது, ரை எழும்பி வராது. தூவிய மாவைத்தான் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தூவல் பிளந்து கோடுகள் ஓடும். கோடுகளுக்கு இடையில் குண்டூசித் துளைகள் ஐந்தாறு தெரிந்ததும் ஓவனில் போட வேண்டியதுதான். மேற்பரப்பு முழுக்கத் துளையாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது, ஓவனில் நடு அமிழும். உயரம் ஒன்றரை மடங்குக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓவன் 250-ல் ஆவியோடு 12 நிமிடம், பிறகு கதவைத் திறந்து ஆவியை வெளியேற்றி 200-ல் 45 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் டின்னை விட்டு எடுத்துப் பக்கவாட்டைக் காயவிடலாம். நடுவில் 98 டிகிரி. 94-ல் எடுத்தால் எந்தப் புளிப்பும் காப்பாற்றாது. ஆறியதும் பருத்தித் துணியில் சுற்றி 24 மணி நேரம், முடிந்தால் 36. சூட்டோடு அறுத்துவிட்டு "பசையாக இருக்கிறது" என்று புகார் சொல்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

பசை போனபின் மிச்சமிருந்தது மேலோட்டுக்குக் கீழே ஒரு பொந்து. தண்ணீர் அதிகமானாலும் அது வரும், புளிப்பு குறைந்தாலும் வரும். இந்தப் பிரெட்டில் பிஎச் சரியாக இருந்ததால் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்ததற்கு 460-ஐ 445 ஆக்க எண்ணம். அதற்குக் கீழே போனால் பக்கவாட்டில் வெடிக்கும்.

மாவு விற்பவர்களைப் பற்றிக் கொஞ்சம். "டார்க் ரை" என்று பையில் அச்சடித்திருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒருவர் பையில் முழு மாவு, இன்னொருவர் பையில் வெள்ளைப் பாகத்தைச் சலித்தெடுத்த மிச்சம். ஜெர்மன் எண்முறையில் குழப்பம் குறைவு: 1150 என்றால் 100 கிராம் மாவை எரித்தால் 1.15 கிராம் சுற்றில் சாம்பல், 997 அதைவிட வெளிர், 1370 இன்னும் கருமை. உண்மையில் நமக்குத் தேவை ஃபாலிங் நம்பர் என்ற ஆலைச் சோதனை எண், அமைலேஸ் எவ்வளவு துள்ளுகிறது என்பதை அதுதான் சொல்லும், எண் குறைந்தால் துள்ளல் அதிகம். அறுவடைக்கு முன் மழை பிடித்தால் ரை கதிரிலேயே முளைவிடும், அந்த எண் சரியும். ஆலைக்கு அது தெரியும், பையில் மட்டும் போடமாட்டார்கள். கேட்டு எழுதினால் சில ஆலைகள் சொல்கின்றன. புதுப் பை திறக்கும்போதெல்லாம் முதல் பிரெட்டைச் சிறிய டின்னில் போட்டுப் பார்ப்பது நல்லது. முழு ரை மாவில் முளைக்கருவின் எண்ணெய் இருப்பதால் வெளியே வைத்தால் காறல் வாடை வரும், ஃப்ரீசர்தான் இடம்.

பொந்து அடைபடும் முன்பே போரோடின்ஸ்கி என்ற ரஷ்ய ரை பிரெட்டுக்கு ஆசை வந்துவிட்டது. மாவின் ஒரு பகுதியைக் கொத்தமல்லி விதை, சிவப்பு ரை மால்ட்டோடு (முளைகட்டிக் காயவைத்த ரை) கொதிநீர் ஊற்றி, 65 டிகிரியில் இனிக்கும் வரை வைக்கிற வேலை. சிவப்பு மால்ட் கிடைப்பதுதான் தலைவலி. அதன் பெயரில் வறுத்த பார்லி மால்ட்டை விற்கிறார்கள், நிறம் வரும், அந்தப் புளித்த பழ மணம் வராது. தானியம் முளைத்து, குவியலில் வெந்து ஊறி, பிறகு காய்ந்திருக்க வேண்டும். முகர்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. மால்ட் வந்து சேரும் வரை 445 கிராம் தண்ணீரோடு இன்னொரு டின், அதில் பாதி மாவை 1150-ஆக மாற்றி, அதே 3.7-ல்.