2097152-இல் நின்றுபோன கடிகாரம்: ஒரு நிரலாளரின் நாட்குறிப்பு

17 பிப்ரவரி

நேற்று மாலை ஓடவிட்டுப் போன சிமுலேஷன் இன்று காலைக்குள் முடிந்திருக்க வேண்டும். துகள்கள் நகர்வதையும் மோதிக்கொள்வதையும் 30 நாள் காலத்துக்குக் கணிக்கும் நிரல் அது. ஒவ்வொரு அடியிலும் காலத்தோடு 0.1 நொடியைக் கூட்டி, 25,92,000 நொடியை எட்டியதும் நின்றுவிடும்படி எழுதியிருந்தேன். காலையில் வந்து பார்த்தபோது நிரல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. காலம் மட்டும் 2097152 என்ற எண்ணைவிட்டு அசையவில்லை. நினைவகத்தையும் கோப்புகளையும் சந்தேகித்து அரை நாளைத் தொலைத்த பிறகுதான், அந்த எண் 2-இன் 21ஆம் அடுக்கு என்பது உறைத்தது. இப்படிப்பட்ட எண்ணில் ஒரு நிரல் தற்செயலாக நிற்பதில்லை.

18 பிப்ரவரி

காலத்தை வைத்திருந்த மாறி ஒற்றைத் துல்லிய மிதவைப்புள்ளி எண்; அதாவது, புள்ளி எங்கே விழுகிறது என்பதைத் தனியே ஓர் அடுக்காக வைத்துக்கொண்டு, எண்ணை 32 பிட்டுகளில் (0 அல்லது 1 ஆகிய இரும இலக்கங்களில்) அடக்கும் முறை. அந்த 32 பிட்டுகளில் ஒன்று கூட்டல் அல்லது கழித்தல் குறிக்கும், 8 அடுக்குக்கும் போக, எண்ணின் இலக்கங்களுக்கு 23 மிஞ்சுகின்றன. எழுதாமலே கொள்ளப்படும் முதல் 1-ஐயும் சேர்த்தால் 24. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் எழுதி முடிக்க முடியாததைப் போலவே, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் எழுதி முடிக்க முடியாது. 0011 என்ற துண்டு முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும். ஆகவே நான் 0.1 என்று எழுதிய இடத்தில் கணினி வைத்திருந்தது ஏறத்தாழ 0.10000000149. இதுதான் குற்றவாளி என்று எண்ணி ஆறுதலோடு கோப்பை மூடினேன்.

20 பிப்ரவரி

என் தீர்ப்பு தவறு. அவ்வளவு சிறிய பிழை கடிகாரத்தை மெல்ல விலகச் செய்யுமே தவிர, நிறுத்தாது. உண்மையான காரணம், மிதவைப்புள்ளி எண்கள் எண்கோட்டில் சம இடைவெளியில் நிற்பதில்லை என்பதே. 2-இன் ஒவ்வொரு அடுக்கைத் தாண்டும்போதும் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி இரட்டிப்பாகிறது. ஒற்றைத் துல்லியத்தில் 2097152-க்கு மேல் அந்த இடைவெளி 0.25. அங்கே 0.1-ஐக் கூட்டினால் வரும் விடை, அடுத்த எண்ணைவிட இருக்கும் எண்ணுக்கே அருகில் இருப்பதால், விதிப்படி அது பழைய எண்ணுக்கே திரும்புகிறது. கணினி ஒவ்வொரு முறையும் சரியாகவே கூட்டியது. கூட்டியதை வைத்துக்கொள்ளத்தான் அதற்கு இடமில்லை.

இதைவிட வியப்பானது, நிற்பதற்கு முன் நடந்தது. 1,31,072 நொடி முதல் 5,24,288 நொடி வரை, 0.1 கூட்டச் சொன்ன ஒவ்வொரு முறையும் உண்மையில் கூடியது 0.09375, கடிகாரம் ஆறு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகவே மெதுவாக ஓடியிருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒவ்வோர் அடியும் 0.125 ஆகி, கால் பங்கு வேகமாக ஓடி, அந்த ஓட்டத்திலேயே போய் 2097152-இல் நின்றிருக்கிறது. ஒரு கோடி முறை 0.1-ஐக் கூட்டிப் பார்த்தேன்: பத்து லட்சம் வரவேண்டிய இடத்தில் 10,87,937 வந்தது. கடிகாரம் நின்றதால்தான் நான் திரும்பிப் பார்த்தேன். 15 நாள் சிமுலேஷனாக இருந்திருந்தால், அந்தத் தவறான முடிவுகளை ஐயமின்றி ஏற்றிருப்பேன்.

இருமத்தில் மிச்சமின்றி எழுதக்கூடிய 0.125-ஐ அடியாக வைத்தும் சோதித்தேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. இரண்டு எண்களுக்கும் சரி நடுவில் விடை விழும்போது, கடைசி பிட் 0 ஆக உள்ள எண்ணையே எடுக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. பாவம், 0.1-இன் மேல் வீண்பழி.

22 பிப்ரவரி

ஓர் எண்ணுக்கு 64 பிட்டுகள் தரும் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றினால் போதும் என்றார் உடன் பணிபுரியும் நண்பர். இலக்கங்களுக்கு 24-க்குப் பதில் 53 பிட்டுகள் இருப்பதால், கடிகாரம் நிற்பதற்குச் சிமுலேஷன் காலத்தில் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வருவதில்லை, 0.9999999999999999தான் வருகிறது. சரியாக ஒரு நொடி ஆகும்போது நிகழவேண்டிய ஒன்றைச் சமக்குறியால் எழுதியிருந்தால், அது ஒருபோதும் நிகழாது. விட்டுப்போன சிறு பகுதியைத் தனி மாறியில் சேர்த்துக்கொண்டே போகும் வில்லியம் கஹானின் கூட்டல் முறையையும் எண்ணிப் பார்த்தேன். 1985-இல் வந்த மிதவைப்புள்ளித் தரத்தின் முதன்மைச் சிற்பி அவர். 1989-இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றவர். முறை அருமையானது, ஆனால் அடிகளை முழு எண்ணாக எண்ணினாலே தீர்ந்துவிடும் சிக்கலுக்கு அது அதிகம். எத்தனையாவது அடி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, காலம் தேவைப்படும்போது 0.1-ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

25 பிப்ரவரி

1991-இல் இதே நாளில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியதால் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். அந்த அமைப்பும், நான் செய்யவிருப்பதைப் போலவே, காலத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக முழு எண்ணில்தான் எண்ணியது. நொடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கியது. அந்த 0.1, 24 பிட் பதிவகத்தில் நிலைப்புள்ளி எண்ணாக (புள்ளியின் இடம் மாறாத எண்ணாக) வால் வெட்டப்பட்டு இருந்தது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை 0.34 நொடி அளவுக்கு வளர்ந்துவிட்டது. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது.

என் தீர்வை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இரட்டைத் துல்லியத்தில் பிழை மிக மிகச் சிறியது; என்றாலும் 3-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 0.30000000000000004 வருகிறது, 3-ஐ 10-ஆல் வகுத்தால் 0.3 வருகிறது. 10 என்ற எண்ணைக் கணினியால் மிச்சமின்றி வைத்துக்கொள்ள முடியும். வகுத்தலின் முடிவில் ஒரே ஒரு முறைதான் தோராயமாக்கல் நடக்கிறது. பெருக்கலை நீக்கி வகுத்தலை எழுதினேன்.

1 மார்ச்

மோதும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியில் ஓர் இருபடிச் சமன்பாடு இருக்கிறது. கெழுக்களாக 1, −10,00,00,000, 1 ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தேன். சிறிய மூலம் 0.00000001 ஆக வரவேண்டும். பள்ளியில் படித்த சூத்திரம் இரட்டைத் துல்லியத்திலும் 0.00000000745 என்றது, நான்கில் ஒரு பங்கு பிழை. ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, ஒத்த இலக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தோராயமாக்கலில் முன்பே பழுதான கடைசி இலக்கங்களே விடையாக மிஞ்சுகின்றன. பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடித்து, மூலங்களின் பெருக்கற்பலன் 1 என்பதைக் கொண்டு சிறியதைப் பெற்றால் கழித்தலே தேவைப்படுவதில்லை. அப்படியே மாற்றிவிட்டேன்.

3 மார்ச்

வேறுபாடு 0.000000001-க்குக் குறைவாக இருந்தால் இரண்டு எண்களும் சமம் என்று பழைய நிரலில் ஆறு இடங்களில் எழுதியிருக்கிறேன். நூறு கோடிக்கு அருகில் இரட்டைத் துல்லிய எண்களின் இடைவெளியே ஏறத்தாழ 0.00000012, அங்கே அந்த ஒப்பீடு வெறும் சமக்குறிக்கு மேல் எதுவும் செய்வதில்லை. ஆறில் நான்கை எண்களின் அளவுக்கேற்ப விரியும் வரம்பாக மாற்றினேன். மற்ற இரண்டும் அடி எண்ணை ஒப்பிடுபவை; இப்போது அது முழு எண் என்பதால் சமக்குறியே போதும்.

4 மார்ச்

இரவு முழுதும் ஓடிய சிமுலேஷன் 2,59,20,000ஆம் அடியில் நின்றது. கடிகாரம் 2592000 காட்டுகிறது. ஒற்றைத் துல்லியத்தில் எடுத்த பழைய முடிவுகளில் எவை 1,31,072 நொடியைத் தாண்டியவை என்று பட்டியலிடத் தொடங்கியிருக்கிறேன், இதுவரை பதினொன்று.